எட்டாம் கோளின் முதல் ரீல்

நிச்சயதார்த்தப் பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்த நேரத்தில், மாமனார் ஆகப்போகிற தங்கசாமி, சங்கரின் காதருகே குனிந்து கேட்டார்:

"மாப்ள, பிசினார் எங்கருந்து வந்தாரு?"

சங்கர் பந்தியை ஒருமுறை நோட்டம் விட்டான். பெண் வீட்டில் யாரோ பெரியவர் போலிருக்கிறது. ஆளைத் தெரியாது என்று சொன்னால் மரியாதையாக இருக்காது.

"காரியாபட்டிப் பக்கமிருந்துதான மாமா வரணும்? பஸ்ஸு லேட்டாயிருக்கும். அவுகளுக்கு ஒரு இலை எடுத்து வைக்கச் சொல்லட்டுமா?"

தங்கசாமியின் கையிலிருந்த தம்ளர் பாதி வழியில் நின்றது. பக்கத்து இலைகளில் நாலைந்து பேர் மெல்லுவதை நிறுத்தினார்கள். காரியாபட்டிக் கிளை அப்போதுதான் எதிரணிக்குத் தாவியிருந்தது. சங்கருக்கு அது தெரியாது. அவன் பாயசத்தில் முந்திரிப்பருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு அவன்மேல் விழுந்ததுதான் முதல் சந்தேகம்.

பிசினார் யார் என்று சங்கருக்கு யாரும் சொல்லவில்லை. அவன் பட்ட பாட்டை நீங்களும் படவேண்டாம். 'எட்டாம் கோளின் எமன்' என்று ஒரு வெளிநாட்டுப் படம், தமிழ் பேசிக்கொண்டு எண்பத்து மூன்றில் அருப்புக்கோட்டைக்கு வந்தது. விண்வெளிக் கப்பல் ஒன்று எட்டாம் கோளில் இறங்கும். அங்கிருந்து கொழகொழவென்று ஒரு ஜந்து கப்பலுக்குள் ஏறிக்கொள்ளும். யார்மேல் ஒட்டினாலும் விடாது. ஒட்டியவர் ஒட்டியபடியே போய்ச் சேருவார். பந்தல்குடி ரோட்டில் வெயிலுக்குக் கருவேல மரத்தில் வடியும் பிசினைப் பார்த்து வளர்ந்த ஜனங்கள், அந்த ஜந்துவுக்கும் பிசின் என்றே பேர் வைத்துவிட்டார்கள். ரசிகர் நற்பணி மன்றத்தைப் பதிவு செய்த பிறகு வெறும் பிசின் என்று சொல்வது மரியாதைக் குறைவாகப் பட்டது. பிசின், பிசினார் ஆனார்.

மன்றத் தலைவர் தங்கசாமி. பஞ்சுக் கமிஷன் கடை வைத்திருந்தார். செயலாளர் ஹாஜா நஜ்முதீன், துபாயில் இருந்துவிட்டு வந்தவர். பந்தல்குடி, காரியாபட்டி, திருச்சுழி என்று கிளைகள். வருஷா வருஷம் பொங்கலுக்கு அந்தப் படம் திரும்ப வரும். படப் பெட்டியை பஸ் ஸ்டாண்டிலிருந்து டிராக்டரில் ஊர்வலமாக எடுத்துப் போவார்கள். கொட்டகையில் விளக்கு அணைந்ததும் திரைக்குச் சூடம் காட்டுவது, பூசணிக்காய் உடைப்பது, மூட்டை மூட்டையாகப் பேப்பர் தூவுவது, மேடையேறி ஆடுவது என்று மன்றத்துக்கென்று ஒரு முறை உண்டு. புகை அடங்கக் கொஞ்ச நேரமாகும். பொதுமக்கள் விவரமானவர்கள். அதுவரை வெளியே நின்று முறுக்குத் தின்றுவிட்டு, இருமல் சத்தம் குறைந்ததும் உள்ளே வருவார்கள்.

மன்றத்துக்கு ஒரு சட்டமும் உண்டு. படத்தைக் கொட்டகையில்தான் பார்க்க வேண்டும். வீட்டில் வீடியோ டெக்கில் போட்டுப் பார்ப்பவன் துரோகி.

இப்படி எட்டு வருஷம் நிம்மதியாக ஓடிய மன்றத்தில், தொண்ணூற்றொன்றில் வாரப் பத்திரிகை ஒன்றின் சினிமாப் பக்கம் குண்டு போட்டது. பல்பொடி விளம்பரத்துக்கு மேலே நாலே வரி. எட்டாம் கோளுக்கு அந்த ஜந்து எங்கிருந்து, எப்படி வந்தது என்ற முன்கதையைத் தனிப் படமாக எடுக்கப் போகிறார்களாம்.

மன்றம் இரண்டானது. முன்கதை வரவேண்டும் என்றது ஹாஜா நஜ்முதீன் அணி. வரவே கூடாது என்றது தங்கசாமி அணி. தங்கசாமி வீட்டுச் சம்பந்தம் பேச வந்த சங்கர், இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து மாட்டினான்.

அவனுக்குப் பந்தல்குடியில் கடை. தூத்துக்குடி லாரிகளுக்குத் தார்ப்பாயும் கயிறும் விற்பான். பெண் பார்க்கப் போன அன்று தங்கசாமியின் மகள் பிரவீணா தட்டில் பஜ்ஜி கொண்டுவந்து வைத்தாள். அதில் உப்பே இல்லை. "எப்படி இருக்கு?" என்று அவளே கேட்டாள். "நல்லாருக்குங்க" என்று இன்னும் இரண்டு எடுத்துக்கொண்டான் சங்கர்.

"வேணும்னேதான் உப்புப் போடல. உள்ளதைச் சொல்ற ஆளான்னு பாத்தேன்" என்றாள் அவள். பிறகு சிரித்துவிட்டு, "போகட்டும், முதத் தடவை" என்றாள். அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டே ஊர் திரும்பிய சங்கர், அன்றைக்கு ஒரு லாரிக்காரருக்குக் கயிற்றைச் சும்மாவே கொடுத்தனுப்பினான்.

நிச்சயத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கமிஷன் கடை மாடியில் மன்றக் கூட்டம். மாப்பிள்ளை என்ற முறையில் சங்கருக்கு முன்வரிசை நாற்காலி. தங்கசாமி மைக்கைப் பிடித்தார்.

"பிசினாரு எங்கருந்து வந்தாருன்னு கேக்குறான். ஏலே, வந்தாரு! அம்புட்டுதான். வந்தவரை எங்கருந்து வந்தீகன்னு கேக்குறது நம்ம ஊரு மரியாதையா? அதெல்லாம் தெரிஞ்சு போச்சுன்னா அப்புறம் கூட்டத்துல என்னத்தப் பேசுறது? எட்டு வருஷமா இந்த மன்றத்துக்கு ராப்பகலா உழைச்சிருக்கேன். படம் பாக்கக்கூட எனக்கு நேரம் கெடைக்கல!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அடுத்து ஹாஜா நஜ்முதீன் எழுந்தார்.

"அண்ணாச்சிக்குப் பயம். எதுக்குப் பயம்? முன்கதைன்னு ஒரு படம் வந்தா அதுக்கும் ஒரு மன்றம் வேணும். மன்றம்னா அதுக்கு ஒரு தலைவரு வேணும். எட்டு வருஷமா நான் செயலாளராவே இருக்கேன். பிசினாருக்கு ஒரு வரலாறு இருக்கிற மாதிரி எனக்கும் ஒரு வளர்ச்சி வேணாமா?"

அதற்கும் கைதட்டினார்கள். சங்கர் இரண்டு தடவையும் தட்டினான். அதை இரண்டு அணியும் குறித்துக்கொண்டன.

கூட்டம் முடிந்து இறங்கும்போது தங்கசாமி அவன் தோளில் கை போட்டார். "மாப்ள, ஆவணியில முகூர்த்தம். அதுக்குள்ள நீங்க எந்தப் பக்கம்னு மன்றத்துக்குத் தெரிஞ்சாகணும். முன்கதைக்காரனுக்கு எம் பொண்ணக் குடுத்தேன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லப்புடாது பாருங்க."

"நான் படமே பாக்கலையே மாமா."

"அதைத்தான் எல்லாரும் சொல்றாக" என்று கையை எடுத்துக்கொண்டார் தங்கசாமி.

அதன்பிறகு ஊரில் யாரும் யாரையும் நம்பவில்லை. டீக்கடையில் ஒருவன் அண்ணாந்து வானத்தைப் பார்த்தால் முன்கதைக்காரன். குனிந்து தரையைப் பார்த்தால் எதையோ மறைக்கிறான். சலூனில் பாதிச் சவரத்தில் கத்தியை நிறுத்தி, "பிசினாரு எங்கருந்து வந்தாரு?" என்று கேட்டார்கள். "வந்தாரு" என்றால் தங்கசாமி ஆள். "வரணும்ல" என்றால் ஹாஜா ஆள். கத்தி யார் பக்கம் என்று தெரியாததால், பலர் பாதித் தாடியோடு எழுந்து போனார்கள். திருச்சுழிக் கிளையில் அண்ணன் தம்பி இருவர் ஒருவரை ஒருவர் வேவு பார்ப்பதற்காக ஒரே சைக்கிளில் சுற்றினார்கள்.

ஹாஜா அணி நீலக் கொடியைத் தேர்ந்தெடுத்தது. சங்கரின் கடையில் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் தார்ப்பாய் எல்லாம் நீலம். எதிரில் வடைக்கடையில் தங்கசாமி அணியிலிருந்து ஒருவர் உட்கார்ந்து நாளெல்லாம் வடை தின்றபடி தார்ப்பாய் வாங்குபவர்களை எண்ண ஆரம்பித்தார். நாலாம் நாள் வயிற்றுவலி என்று அவர் போக, எதிரணியின் ஆள் அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். வடைக்கடைக்காரர் மட்டும் முன்கதைச் சண்டை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டார்.

கடைசியில் சங்கருக்கு விசாரணைக் குழுவிடமிருந்து அழைப்பு வந்தது. குழுத் தலைவர் பால்ச்சாமி. விசைத்தறிக் கூடம் நடத்துகிறவர். தறிச் சத்தத்தில் பழகியவர் என்பதால், எதைக் கேட்டாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும்படிதான் கேட்பார். அவருக்கு இருபுறமும் தங்கசாமியும் ஹாஜாவும் உட்கார்ந்திருந்தார்கள். சந்தேகம் என்று வந்தால் இரண்டு அணியும் ஒன்றாக உட்காரலாம் என்று சட்டத்தில் இடம் இருந்தது.

"நீல தார்ப்பாயி வித்தீகளா?"

"வித்தேங்க."

"ஒத்துக்கிட்டாரு, எழுதிக்கங்க!" என்று கூவினார் பால்ச்சாமி.

சங்கர் யோசித்தான். படத்தைப் பற்றி ஏதாவது தெரிந்தால்தானே சரியான பதில் சொல்லி இதிலிருந்து கரையேறலாம்? அவன் கைகட்டி, பணிவாகவே கேட்டான்:

"ஐயா, ஒண்ணே ஒண்ணு. படம் ஆரம்பிச்சதும் என்ன வரும்?"

"சூடம் காட்டுவோம்" என்றார் பால்ச்சாமி.

"சரிங்க. திரையில?"

"பூசணிக்கா உடைப்போம்."

"அது கீழதானங்க. திரையில?"

"பேப்பரு தூவுவோம்ல?"

"அப்ப திரையில என்னதான் தெரியும்?"

பால்ச்சாமி மோட்டுவளையைப் பார்த்து யோசித்தார். "பேப்பரு தெரியும்" என்றார். எட்டு வருஷத்தில் முதல்முறையாக அவர் குரல் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்கவில்லை.

குழு உறுப்பினர்களைக் கேட்டார்கள். ஒருவர் கப்பல் வரும் என்றார். ஒருவர் ரயில் என்றார். மூன்றாமவர் பல்பொடி விளம்பரம் என்று சத்தியம் செய்தார். ஆளுக்கொன்று சொன்னதும், ஆளுக்கு ஆள் சந்தேகம் வந்துவிட்டது. "இந்தக் கேள்வியக் கேக்கச் சொல்லி உங்கள அனுப்புனது யாரு?" என்று சங்கரைப் பிடித்துக்கொண்டார் ஹாஜா. "நீங்கதான் பாய், வேற யாரு?" என்றார் தங்கசாமி. "அண்ணாச்சி, அவரு உங்க மாப்ள!" என்றார் ஹாஜா.

உண்மையை நிரூபித்து சங்கரைக் குற்றவாளி ஆக்க ஒரே வழிதான் இருந்தது. படத்தைப் பார்ப்பது. பொங்கலுக்கு இன்னும் பல மாதம் கிடந்தது. ஹாஜா தொண்டையைச் செருமினார். துபாயில் தமிழ்க் கேசட் கடையில் வாங்கிய நாடா ஒன்று வீட்டில் இருக்கிறது, மன்றச் சட்டத்துக்குப் பயந்து பிரிக்கவே இல்லை என்றார். ஒட்டுத்தாள் கிழியாத கேசட்டைக் காட்டிய பிறகே நம்பினார்கள். துரோகச் சட்டத்தை ஒருநாள் மட்டும் நிறுத்தி வைத்து, மறுநாள் பகலில் ஹாஜா வீட்டுக் கூடத்தில் கூடினார்கள்.

வாசலிலேயே ஹாஜாவின் மனைவி நசீமா மறித்துக்கொண்டாள்.

"அண்ணே, அது என்ன மூட்டை?"

"பேப்பரும்மா. சூடம், பூசணிக்கா..."

"இப்பத்தான் பெயின்ட் அடிச்சிருக்கு. பொட்டுப் பேப்பரு கீழ விழுந்தாலும் அவுகளோட சேத்து உங்களையும் தெருவுல விட்ருவேன். எல்லாத்தையும் வெளிய வச்சிட்டு உள்ள வாங்க."

இரண்டு அணித் தலைவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நசீமா சொன்னதற்கு மன்றச் சட்டத்தில் மேல்முறையீடு இல்லை. மூட்டைகள் வாசலில் நின்றன. மன்றத்தார் பாயில் உட்கார்ந்தார்கள். நசீமாவின் சிநேகிதி என்ற முறையில் பிரவீணா ஏற்கெனவே சமையலறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். டெக் ஓட ஆரம்பித்தது.

முதல் ரீலை அவர்கள் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

ஒரு தகரக் கொட்டகை. பெரிய அண்டா. கோட்டுப் போட்டவர்கள் அதில் எதையோ காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். விண்வெளிக் கப்பலில் விழும் ஓட்டையை அடைக்க ஒரு பசை. காய்ச்சிய பசை ஒரு தொழிலாளியின் கையில் ஒட்டியது. விடவில்லை. அவன் கத்தினான். கோட்டுப் போட்டவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கூட்டம் போட்டார்கள். யார் காய்ச்சச் சொன்னது என்று ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டார்கள். பிறகு அவர்களின் தலைவர் எழுந்து, "இப்படி எதுவும் நடக்கவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். எல்லாரும் கை தூக்கினார்கள். அண்டாவை மூடி, ராக்கெட்டில் ஏற்றி, எட்டாம் கோளில் கொட்டிவிட்டு வந்தார்கள். அதன்பிறகுதான் படத்தின் பேரே போட்டார்கள்.

வரவேண்டும் என்று ஹாஜா கேட்ட முன்கதை, ஏற்கெனவே வந்திருந்தது. வரக் கூடாது என்று தங்கசாமி காத்த ரகசியம், எட்டு வருஷமாகப் பொங்கலுக்குப் பொங்கல் பெரிய திரையில் ஓடியிருந்தது.

"அப்ப பிசினாரு... பசையா?" என்று பால்ச்சாமி கேட்டார். தெருவுக்கே கேட்டது.

"டெக்கை நிறுத்துங்க பாய்" என்றார் தங்கசாமி.

இருவரும் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது தோளோடு தோள் சேர்ந்திருந்தார்கள். தங்கசாமி கூடத்தைப் பார்த்துச் சொன்னார்:

"டேப்பு பழுது. கோடு கோடா ஓடுச்சு. யாருக்கும் ஒண்ணும் தெரியல. இப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னு எழுதிக்குவோம்."

எல்லாரும் கை தூக்கினார்கள். சங்கரின் கை மட்டும் மடியில் இருந்தது. தங்கசாமி குனிந்தார்.

"மாப்ள, நீங்க என்ன பாத்தீக?"

ஆவணி முகூர்த்தம் சங்கரின் கண்முன் வந்து நின்றது. சமையலறைப் பக்கம் அவன் திரும்பவில்லை.

"ஒண்ணும் தெரியல மாமா. கோடு கோடாத்தான் தெரிஞ்சுச்சு."

தங்கசாமி அவனைத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொண்டார். நீலத் தார்ப்பாய்க் குற்றம் தள்ளுபடி ஆயிற்று. அந்த இடத்திலேயே அவனைக் கொள்கைபரப்புச் செயலாளர் ஆக்கினார்கள். வெளியே அவன் செருப்பைத் தேடும்போது பிரவீணா வந்து நின்றாள்.

"நெசமாவே கோடுதானா?"

"ஆமா."

"சரி" என்றாள் பிரவீணா. அந்த ஒரு சொல், பந்தல்குடி போய்ச் சேர்ந்த பிறகும் சங்கரின் காதில் கிடந்து உறுத்தியது.

ஆவணி வந்தது. திருச்சுழிக் கல்யாண மண்டபத்தில் முகூர்த்தம். புதிய கொள்கைபரப்புச் செயலாளருக்கு மன்ற முறைப்படி மரியாதை செய்வது என்று ஒன்றுபட்ட மன்றம் முடிவு செய்திருந்தது. ஐயர் "கெட்டிமேளம்" என்று கை உயர்த்தினார். அவ்வளவுதான், சூடம் எரிந்தது, பூசணிக்காய் சிதறியது, நாலு மூலையிலிருந்தும் பேப்பர் மூட்டைகள் அவிழ்ந்தன. நாதஸ்வரக்காரர் வாயில் போன பேப்பரை வெளியே எடுக்க அடுத்த ராகம் வரை ஆயிற்று. விசில் சத்தத்தில் ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டு இருமினார்.

புகை அடங்கியபோது, மாலைக்கு மேல் மாலையாகப் பெண்ணும் மாப்பிள்ளையும் பேப்பர் குவியலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"தாலி ஏறிருச்சா?" என்று யாரோ கேட்டார்கள்.

யாரும் பார்க்கவில்லை. மூன்றாம் முடிச்சுப் போட வந்த சங்கரின் அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு, "நான் முடிச்சுப் போட்டேன், எதுலன்னு தெரியல" என்றாள்.

"நான் கட்டிட்டேன்" என்றான் சங்கர்.

"கட்டுனவரே சொன்னா எப்படி? வேற சாட்சி வேணும்ல" என்றார் ஹாஜா. பழக்கதோஷத்தில் பால்ச்சாமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஐயரை விசாரித்தார்கள். அவர் இருமினார். மாலையை விலக்கிப் பார்க்க வந்த பெண்களிடம், "யாரும் தொடாதீக" என்று சொல்லிவிட்டாள் பிரவீணா.

தங்கசாமி பொறுமை இழந்தார். "ஏம்மா, நீயே சொல்லு. மாப்ள தாலி கட்டுனாரா, இல்லையா?"

பிரவீணா சங்கரை ஒருமுறை பார்த்தாள்.

"ஒண்ணும் தெரியலப்பா" என்றாள். "பேப்பரு பேப்பராத்தான் தெரிஞ்சுச்சு."

சங்கரின் அம்மா நெஞ்சில் கை வைத்தாள். "பிரவீணா, என்ன இது?" என்று அவன் தவித்தான்.

"எனக்கென்ன தெரியும்? ஒருத்தரு பாத்ததைப் பாக்கலைன்னு சொன்னா சரியாயிருது. நானும் சொல்லிப் பாக்குறேன்" என்றாள் அவள். மெதுவாகத்தான் சொன்னாள். மேடை மைக் பக்கத்தில் இருந்தது.

சங்கர் எழுந்தான். தலையிலிருந்து பேப்பர் உதிர்ந்தது.

"மாமா, அன்னைக்கு டேப்புல கோடே இல்ல. நான் எல்லாத்தையும் பாத்தேன். நீங்களும் பாத்தீக, பாயும் பாத்தாக. பிசினாரு பசை. அண்டாவுல காய்ச்சுனாக. கையில ஒட்டிருச்சு. ஒட்டவே இல்லைன்னு கூட்டம் போட்டு எழுதிட்டுக் கொண்டுபோய்க் கொட்டிட்டாக. அம்புட்டுதான் முன்கதை. நான்தான் பயந்துக்கிட்டுப் பொய் சொன்னேன்."

பின்வரிசையில் திருச்சுழிக் கிளைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். "பசையாம்ல?" என்ற சத்தம் வரிசை வரிசையாக முன்னால் வந்தது. தங்கசாமியும் ஹாஜாவும் பேசிக்கொள்ளக்கூட இல்லை, ஒரே நேரத்தில் மைக்கைப் பிடித்தார்கள். மன்றத்தின் அடிப்படை உறுப்பினர் பதவியிலிருந்தே சங்கர் நீக்கப்பட்டான். அவனோடு மன்றத்தார் யாரும் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் அறிவிக்கப்பட்டது.

"கல்யாணத்தை என்ன செய்றது அண்ணாச்சி?" என்று மைக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார் ஹாஜா.

அதற்குள் பிரவீணா மாலைகளை விலக்கியிருந்தாள். மஞ்சள் கயிறு கழுத்தில் பளிச்சென்று கிடந்தது.

"இந்தா இருக்கு. எல்லாரும் பாத்துக்கங்க. முடிச்சு ரெண்டுதான் இங்க இருக்கு. மூணாவது என் சடைக் குஞ்சத்துல கெடக்கு. மதினி, வந்து அவுத்து இதுல போடுங்க."

தங்கசாமி மகளின் கழுத்தைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். பின்வரிசையில் "பசை, பசை" என்ற பேச்சு பெரிதாகிக்கொண்டிருந்தது.

"என்னலே பாத்துக்கிட்டு நிக்கிறீக?" என்றார் அவர். "சூடத்தை எடுங்க!"

மறுபடியும் புகை கிளம்பியபோது சங்கரும் பிரவீணாவும் பந்திக்கு நழுவிவிட்டார்கள். நசீமாதான் இலை போட்டாள். மண்டபத்துக்குள் விசில் பறந்தது. பிரவீணா சாம்பாரைப் பிசைந்துகொண்டே கேட்டாள்:

"அன்னைக்குப் போட்ட பஜ்ஜி எப்படி இருந்துச்சு?"

"வாயில வைக்க முடியல" என்றான் சங்கர்.

அவள் சிரித்தபடி, தன் இலையிலிருந்த லட்டை எடுத்து அவன் இலையில் வைத்தாள்.